கல்லீரலில் கொழுப்பு, குடலில் கட்டி: இரண்டுக்கும் உறவு உண்டா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

1976இல் நம் கல்லூரியில் புகுமுக வகுப்பு முடித்து மருத்துவம் படிக்கப் போனவன் நான். வயிறு, குடல், ஈரல் இந்த மூன்றையும் பார்த்தே முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இந்த வருஷச் சந்திப்பை என் சொந்த ஊரான பெரிய முதலியார்சாவடியில் வைத்ததற்குச் சங்கத்தாருக்கு முதலில் நன்றி. "டாக்டர், சாப்பாட்டுக்கு முன்னாடி உங்க பேச்சு, அரை மணி நேரத்துக்குள்ள முடிச்சுடுங்க" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுக்கு முன்னால் குடலைப் பற்றிப் பேசச் சொன்ன அவருடைய துணிச்சலைப் பாராட்டுகிறேன்!

போன வருஷச் சந்திப்பில் காபி நேரத்தில் நம் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, ஆளுக்கொரு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினார்கள். பாதிக்கு மேல் "கிரேடு ஒன்று ஃபேட்டி லிவர்" என்று இருந்தது. எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "இது எல்லாருக்கும் இருக்கறதுதானே? ஒண்ணும் பண்ண வேணாம்ல?" அந்தக் கேள்விக்குப் பதில்தான் இன்றைய பேச்சு.

எல்லாருக்கும் இருப்பதுதானா?

கல்லீரல் செல்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் சேர்ந்துவிட்டால் அதைக் கொழுப்புக் கல்லீரல் என்கிறோம். முன்பெல்லாம் இது குடிகாரர்களின் நோய் என்றுதான் படித்தோம். 1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், குடிப்பழக்கம் இல்லாத இருபது நோயாளிகளின் ஈரல் திசுவை எடுத்துப் பார்த்தார். குடிகாரர் ஈரலில் தெரியும் அதே கொழுப்பு, அதே அழற்சி! அன்றிலிருந்துதான் மதுசாராத கொழுப்புக் கல்லீரல் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. 2023இல் அந்தப் பெயரையும் மாற்றிவிட்டார்கள். இப்போது வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய் என்கிறோம். சர்க்கரை, தொப்பை, ரத்தக் கொதிப்பு, ரத்தத்தில் கொழுப்பு இவற்றின் கூடப்பிறந்த தம்பி இது என்று பெயரே சொல்லிவிடுகிறது.

நம் பக்கத்துக் கணக்கு என்ன? சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் நகரவாசிகளிடம் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. நூற்றுக்கு 32 பேருக்குக் கொழுப்புக் கல்லீரல். சர்க்கரை நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 54. அதே சமயத்தில் இலங்கையில் கொழும்புக்குப் பக்கத்து ராகமவில் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே 32 தான் வந்தது. இந்தியா முழுக்க நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2022இல் வெளியிட்ட கணக்கில் பெரியவர்களில் நூற்றுக்கு 38 பேர். பிள்ளைகளில் 35 என்று வந்தது. அதில் குண்டாக இருக்கும் பிள்ளைகளை மட்டும் பார்த்த ஆய்வுகளும் சேர்ந்திருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆக, "எல்லாருக்கும் இருக்கு" என்பதில் பாதி உண்மை. ஆனால் ஊரில் பாதிப் பேர் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பதற்காக, ஒழுகுவது நல்லது என்று ஆகிவிடுமா?

"சார், நான் ஒல்லியாத்தானே இருக்கேன்" என்று சிலர் சொல்வார்கள். மேற்கு வங்காளத்துக் கிராமங்களில் ஏழை உழைப்பாளி மக்களிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில்கூட நூற்றுக்கு ஒன்பது பேர் அளவுக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் குண்டானவர்களே இல்லை. நம் உடம்பு வாகு அப்படி. கை கால் மெலிவு, வயிறு மட்டும் முன்னால் வரும். அதனால்தான் ஆசியர்களுக்கு அளவுகோலே வேறு. ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 80க்குள் இருக்க வேண்டும்.

நம் கரையோரத்தில் என்ன மாறியது?

என் சின்ன வயதில் இந்த ஊரில் காலையில் கூழ்தான். கேழ்வரகு அல்லது கம்பு, கூடவே கருவாடு, வெங்காயம். மீன்பிடிக்கப் போகிறவர்கள் விடிகாலையில் கட்டுமரம் தள்ளுவார்கள். வடக்கே மரக்காணத்தில் உப்பளத்தில் வேலை செய்தவர்கள் வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும். யாருக்கும் தனியாக உடற்பயிற்சி என்று ஒன்று தேவைப்படவில்லை.

1998இல் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. நல்லதுதான், பிள்ளைகள் படிக்கப் போனார்கள், வேலை கிடைத்தது. கூடவே பரோட்டாக் கடையும் பேக்கரியும் பாட்டில் குளிர்பானமும் வந்தன. கூழ் போய் மூன்று வேளையும் வெள்ளை அரிசி ஆயிற்று. நடந்த கால் இப்போது வண்டியில் போகிறது. 2023இல் வெளியான தேசிய ஆய்வில் இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று கணக்குச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேர். கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுச்சேரியிலோ நூற்றுக்கு 26. கோவாவுக்கு அடுத்த இடம்! பெரிய முதலியார்சாவடிக்கு விழுப்புரம் மாவட்டம் என்று பெயரே தவிர, சாப்பாடும் சந்தையும் புதுச்சேரியோடுதான். ஆகவே இது நம் வீட்டுக் கணக்கு.

குடலுக்கும் ஈரலுக்கும் என்ன தொடர்பு?

இனி விஷயத்துக்கு வருகிறேன். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள் பெரும்பாலும் எதனால் இறக்கிறார்கள்? ஈரல் கெட்டு என்றுதான் நினைப்பீர்கள். இல்லை. முதலிடம் மாரடைப்பு முதலான இதய, ரத்தக்குழாய் நோய்களுக்கு. இரண்டாமிடம் ஈரலுக்கு வெளியே வரும் புற்றுநோய்களுக்கு. ஈரல் நோய் அதற்கப்புறம்தான். அந்த இரண்டாமிடத்தில் முக்கியமான ஒன்று பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்.

ஹாங்காங்கில் வோங் என்பவரின் குழு 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் கொலனோஸ்கோப்பி செய்து பார்த்தார்கள். குடலில் அடினோமா என்னும் புற்றுக்கு முந்தைய கட்டி இல்லாதவர்களில் 21 சதவீதம், உள்ளவர்களில் 35 சதவீதம். ஈரலில் வெறும் கொழுப்பு மட்டுமல்லாமல் அழற்சியும் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கட்டி இருந்தது. இந்த வித்தியாசத்தை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கொழுப்பு சும்மா உட்கார்ந்திருப்பது வேறு, அது புகைந்துகொண்டிருப்பது வேறு.

தென் கொரியாவில் சுமார் 26,000 பேரை ஏழு வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். கொழுப்புக் கல்லீரல் இருந்த ஆண்களுக்குக் குடல் புற்று இரண்டு மடங்கு. பெண்களிடம் அதே அளவுக்கு மார்பகப் புற்று கூடியிருந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ஒரு மாவட்டத்தில் 4,722 நோயாளிகளை ஒத்த வயதினரோடு ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வந்தது. அதில் குடல் புற்று 1.8 மடங்கு. உடல் பருமன் இருந்து ஈரலில் கொழுப்பு இல்லாதவர்களுக்கு இந்தக் கூடுதல் தெரியவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய செய்தி.

ஏன் இப்படி? குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. ஈரல் சுரக்கும் பித்தநீர் திரும்பக் குடலுக்கே வருகிறது. இரண்டும் ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. ஒரு வீட்டில் பற்றினால் எதிர் வீட்டுக்குப் புகை போகத்தான் செய்யும்.

கொழுப்பு சேர்ந்த ஈரல் இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை. உடம்பு இன்னும் இன்சுலினைக் கொட்டுகிறது. இன்சுலின் சர்க்கரையைக் குறைப்பதோடு நிற்பதில்லை, செல்களை வளரவும் சொல்கிறது. குடலின் உட்சுவரில் செல்கள் ஏற்கனவே சில நாளைக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை. அவற்றுக்கு எந்நேரமும் "வளரு, வளரு" என்று கட்டளை போனால் எங்கோ ஒன்று தறிகெட்டுப் போகும். அதோடு அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் சுற்றுகின்றன. தொப்பைக் கொழுப்பு சுரக்கும் நல்ல பொருளான அடிப்போனெக்டின் குறைகிறது. குடல் நுண்ணுயிர்களின் கூட்டணி மாறுகிறது, பித்த அமிலங்களின் தன்மை மாறுகிறது.

பயமுறுத்தலும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

இங்கே ஒரு எச்சரிக்கை. இவையெல்லாம் தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். ஈரல் கொழுப்புதான் நேரடிக் காரணமா, அல்லது சர்க்கரை, தொப்பை, உட்கார்ந்தே இருத்தல், நார் இல்லாத உணவு என்ற ஒரே வேரிலிருந்து இரண்டு கிளையும் வருகிறதா என்ற விவாதம் தொடர்கிறது. வேர் ஒன்றாக இருந்தால் நமக்கு நல்லதுதான், ஒரு வேரை வெட்டினால் போதும்!

இன்னொன்று. "இரண்டு மடங்கு" என்றவுடன் கலங்கிவிடாதீர்கள். எதற்கு இரண்டு மடங்கு என்று கேட்க வேண்டும். இந்தியாவில் 75 வயதுக்குள் குடல் புற்று வருவது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. அது இரண்டு மடங்கானாலும் பெரும்பாலோர் தப்பித்தவர்களே. கொழுப்புக் கல்லீரல் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நாளைக்கே எல்லோரும் கொலனோஸ்கோப்பிக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

பிறகு எதற்கு இவ்வளவு பேச்சு என்றால், நம் ஊரில் இந்தப் புற்று முற்றிய பிறகுதான் கண்ணில் படுகிறது என்பதற்காகத்தான். தென் கொரியாவில் 2004 முதல் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தை வருஷா வருஷம் பார்க்கிறார்கள். ஜப்பானில் 1992 முதல் நடக்கிறது. நம் நாட்டுப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் இந்த மூன்று புற்றுநோய்கள்தான் சேர்ந்திருக்கின்றன. குடல் இல்லை. ஆகவே நம் குடலை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உப்பளம் தெரிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். மரக்காணத்தில் கடல் தண்ணீரை ஒரே நாளில் உப்பாக்குவதில்லை. ஒரு பாத்தியில் தேக்கி, அடுத்த பாத்திக்குத் திருப்பி, வெயிலில் அடர்த்தி ஏற ஏற அதற்கடுத்த பாத்திக்கு விடுவார்கள். மூன்று டிகிரியில் உள்ளே வந்த தண்ணீர் இருபத்தைந்து டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு விழும். குடல் புற்றும் அப்படித்தான். சின்ன பாலிப், பெரிய பாலிப், பிறகு புற்று என்று ஆகப் பெரும்பாலும் பத்து வருஷம் போல எடுத்துக்கொள்கிறது. நடுப்பாத்தியில் மடையை அடைத்துவிட்டால் உப்பு விழாது. கொலனோஸ்கோப்பி செய்யும்போதே பாலிப்பை எடுத்துவிடலாம். எடுத்த பாலிப் புற்றாக மாறாது. இத்தனை வருஷ அவகாசம் தரும் புற்றுநோய்கள் அதிகமில்லை.

அந்த அவகாசம் எப்படி வீணாகிறது என்று சொல்கிறேன். நம் செட்டில் வாலிபால் ஆடிய ஒரு நண்பர். பெயர் வேண்டாம். தொப்பை, சர்க்கரை, ஸ்கேனில் ஈரல் கொழுப்பு எல்லாம் இருந்தது. 56 வயதில் மலத்தோடு ரத்தம் போனது. "மூலம்தான், ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். சாலையோரச் சுவரெல்லாம் மூலம், பௌத்திரம் விளம்பரம் பார்க்கிறோமே, அந்த மாதிரி ஒரு இடம். ஒன்றரை வருஷம் களிம்பும் மாத்திரையும். உடம்பு வெளுத்து, எடை குறைந்தபோது "சர்க்கரை கட்டுக்கு வந்துவிட்டது" என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். என்னிடம் வந்தபோது கட்டி ஈரலுக்குப் பரவியிருந்தது. அவர் மனைவி என்னைக் கேட்டார்: "அண்ணா, விரலை வச்சுக்கூட யாரும் பாக்கலையே, பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?" தெரிந்திருக்கும். கட்டி மலக்குடலில், விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இதை அந்தக் குடும்பத்தின் அனுமதியோடுதான் சொல்கிறேன். இன்னொரு குடும்பம் இந்தக் கேள்வியைக் கேட்கும்படி ஆகக் கூடாது என்று அவர்களே விரும்பினார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: ரிப்போர்ட்டை பீரோவில் வைக்காதீர்கள். ஸ்கேனில் கொழுப்பு என்றால் அடுத்த கேள்வி, "தழும்பு விழுந்திருக்கிறதா?" அதற்கு ஃபிப்-4 என்று ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மாணவர்களே, இது உங்களுக்கு. வயதை எஸ்.ஜி.ஓ.டி. அளவால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். உதாரணம்: வயது 50, எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 49, பிளேட்லெட் இரண்டரை லட்சம், அதாவது 250. மேலே 2000, கீழே 1750. விடை 1.14. 1.3க்குக் கீழே இருந்தால் கடுமையான தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. அதற்கு மேலே போனால் ஃபைப்ரோஸ்கேன் தேவைப்படும். சின்ன வயதுக்காரர்களிடம் இந்தக் கணக்கு அவ்வளவு சரியாக வராது. வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவின் ரிப்போர்ட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு: எடை. பெரிய மருந்து இதுதான். கியூபாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் பத்து சதவீதம் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு ஈரல் அழற்சி அடங்கியது. 45 சதவீதம் பேருக்குத் தழும்பே குறைந்தது. 80 கிலோ இருப்பவர் 8 கிலோ குறைத்தால் போதும். மெதுவாக, ஆறு மாதம் ஒரு வருஷத்தில் குறையுங்கள். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைக்க வேண்டாம். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு மாத்திரைக்கு முதல்முறையாக அனுமதி கிடைத்தது. அது தழும்பு ஓரளவு விழுந்தவர்களுக்கு. அதையும் உணவு, உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் தருகிறார்கள்.

மூன்று: சாப்பாடு. பழைய கூழுக்கு மரியாதை கொடுங்கள். நார்ச்சத்து குறைந்த உணவுக்கும் குடல் புற்றுக்கும் உள்ள உறவைப் பற்றி ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த பர்கிட் என்ற அறுவை மருத்துவர் 1971லேயே எழுதினார். தட்டில் சோறு பாதியாகட்டும். கீரை, காய், பயறு இரண்டு மடங்காகட்டும். மீன் நம் கடற்கரையின் சொத்து. குழம்பாகச் சாப்பிடுங்கள், எண்ணெயில் பொரிப்பது எப்போதாவது இருக்கட்டும். பாட்டில் குளிர்பானத்தை அடியோடு நிறுத்துங்கள். அதிலுள்ள சர்க்கரை ஈரலில் நேராகக் கொழுப்பாகிறது. சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றை உண்டாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இலேயே அறிவித்துவிட்டது.

நான்கு: மது. "வாரத்துக்கு ஒரு தடவைதான் டாக்டர்" என்பவர்களுக்குச் சொல்கிறேன். கொழுப்பு ஏறிய ஈரலுக்கு மது எரிகிற வீட்டில் ஊற்றிய எண்ணெய். மது குடல் புற்றுக்கும் தனியாக ஒரு காரணம். புதுச்சேரி பக்கத்தில் இருப்பதால் இதை இரண்டு தடவை சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து: நடை. வாரத்துக்கு 150 நிமிஷம் வேக நடை. எடை குறையாவிட்டாலும் ஈரல் கொழுப்பு குறையும். குடல் புற்றுக்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரை வைத்து 2025இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. முறையான உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் 80 சதவீதம் பேர் ஐந்து வருஷம் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். வெறும் அறிவுரைப் புத்தகம் வாங்கிப் போனவர்களில் 74 சதவீதம். வந்த பிறகே நடை இவ்வளவு செய்கிறது என்றால், வருவதற்கு முன் நடக்க என்ன தயக்கம்?

ஆறு: குடல் பரிசோதனை. மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத ரத்தசோகை, மலம் போகும் வழக்கத்தில் சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மாற்றம், காரணமில்லாத எடைக் குறைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த வயதிலும் பார்த்தாக வேண்டும். மூலம் இருப்பவருக்குப் புற்று வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் 45, 50 வயதில் மலத்தில் மறை ரத்தப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஈரல் கொழுப்பும் சர்க்கரையும் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. பெற்றோர், கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது குடல் புற்று வந்திருந்தால் 40 வயதிலேயே, அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னதாகவே கொலனோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, தூரம் ஒரு சாக்கில்லை.

மாணவர்களுக்கும் சங்கத்துக்கும்

தம்பி தங்கைகளே, இது வயசானவர்கள் விவகாரம் என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நாற்பத்தைந்தில் வரும் நோய்க்குத் தண்ணீர் முதல் பாத்தியில் ஏறுவது இருபது வயதில்தான். விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா வரவழைப்பது எனக்குத் தெரியும். எங்கள் காலத்தில் சுவரேறிக் குதித்துப் போக வேண்டியிருந்தது, அதனால் கொஞ்சம் உடற்பயிற்சியாவது ஆயிற்று!

கொழுப்புக் கல்லீரலைத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் மத்திய அரசு 2021 பிப்ரவரியில் சேர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. ஆனால் நம் இடுப்பை அளக்க அரசாங்கம்தான் வர வேண்டும் என்பதில்லை, தையல் நாடா போதும். சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த சந்திப்பில் பதிவு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாடா, ஒரு எடைக்கருவி, ஒரு ரத்த அழுத்தக் கருவி வையுங்கள். விலங்கியல் துறை மாணவர்கள் அளந்து எழுதிக் கொடுக்கட்டும். இந்த வருஷ அளவை இன்றே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்ப்போம். குறைத்தவர்களுக்குப் பரிசு என் செலவு.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. இன்றைய பந்தியில் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரைப் பொரியலும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். இனிப்பும் இருக்கிறது, பாதியை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடாமல், இலையிலேயே வைத்துவிடுங்கள்!